அறிவியற் சங்கங்களும் உறுப்பினர் பிணைப்பும்

ஒரு சங்கத்தைத் தோற்றுவிப்பது எளிது. அதனைப் பத்தாண்டுக் காலம் உயிரோட்டத்துடன் நடத்துவது அரிது. நாஞ்சில் நாட்டு ஊர்களில் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சி நிற்கும் மன்றங்களைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தொடக்க விழாவில் நிறைந்திருந்த இருக்கைகள் முதலாண்டு விழாவில் பாதியாகின்றன. மூன்றாம் ஆண்டில் செயலாளரும் பொருளாளருமே மிஞ்சுகின்றனர். வணிகர் சங்கத்திற்கு ஆதாயமும், ஊர் ஜமாஅத்திற்கு வழிபாடும் உறவும் பிணைப்பாக அமைகின்றன. அறிவை மட்டுமே பொருளாகக் கொண்ட சங்கத்திற்கு எது பிணைப்பு? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடைகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டில், பஸரா நகரில் இயங்கிய இக்வானுஸ் ஸஃபா என்னும் தூய்மைச் சகோதரர் குழுவிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். எண்ணியல், வடிவியல், வானியல், இசை, உயிரியல், மெய்யியல் எனப் பல துறைகளையும் தழுவிய ஐம்பதுக்கும் மேற்பட்ட நிருபங்களை இவர்கள் இயற்றினர். தம் பெயர்களை அவற்றில் பொறிக்கவில்லை. சமகால எழுத்தாளர் அபூ ஹய்யான் அத்தவ்ஹீதீ தந்த குறிப்பினாலேயே அவர்களுள் சிலரின் பெயர்களை நாம் அறிகிறோம்.

உறுப்பினர் சேர்ப்பைப் பற்றி இவர்கள் விரிவாகச் சிந்தித்திருந்தனர் என்பது நோக்கத்தக்கது. கொண்ட கருத்தில் இறுகிப்போன முதியோரிடம் காலத்தைச் செலவிடாமல், கற்கும் ஆவலும் தெளிந்த உள்ளமும் உடைய இளைஞரை நாடுமாறு நிருபங்கள் அறிவுறுத்துகின்றன. உறுப்பினரை வயதும் பக்குவமும் நோக்கி நான்கு படிகளாக வகுத்தனர். முதற்படி பதினைந்து வயதிலும், அடுத்தவை முப்பது, நாற்பது, ஐம்பது வயதுகளிலும் தொடங்கின. இவ்வேற்பாட்டில் இளைஞனுக்கு முன்னால் எப்போதும் ஏறவேண்டிய ஒரு படி இருந்தது. மூத்தவனுக்குக் கைகொடுத்து ஏற்றவேண்டிய கடமை இருந்தது. செல்வமுள்ள சகோதரன் கல்வியுள்ள வறியவனைப் பொருளால் தாங்க வேண்டும். கல்வியுள்ளவன் செல்வனை அறிவால் தாங்க வேண்டும் என்றும் விதித்தனர். வலையில் சிக்கிய புறாக்கள் ஒன்றுகூடி வலையோடு பறந்த கலீலா வ திம்னா கதையிலிருந்தே இவர்கள் தம் பெயரைப் பெற்றனர் என ஆய்வாளர் சிலர் கருதுவர்.

எனினும் இச்சங்கத்தின் கதவு மூடிய கதவு. கூட்டங்களில் பிறர்க்கு இடமில்லை. நிருபங்கள் நாடெங்கும் பரவி நிலைத்தன. சங்கமோ சுவடின்றி மறைந்தது.

திறந்த கதவுடைய அறிவியற் சங்கத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சர் ஸையித் அஹ்மத் கான் அவர்கள் நிறுவியதாகும். 1857ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப்பின் மேனாட்டு அறிவைத் தாய்மொழியில் தருவதே மக்கள் உயர்வதற்கு வழி எனத் துணிந்த அவர், காஸிபூரில் நீதித்துறைப் பணியில் இருந்தபோது 1864 ஜனவரி 9 அன்று சயிண்டிபிக் சொசைட்டியைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவர் அலிகருக்கு மாற்றப்பட்டார். சங்கமும் அவருடன் அலிகர் வந்தது. முஸ்லிம்கள், இந்துக்கள், ஆங்கிலேயர் என முத்திறத்தாரும் உறுப்பினராயினர். இவர்களிடையே பிணக்கு நேராதிருக்கச் சமய நூல்களைச் சங்கம் கையாளாது என விதி வகுக்கப்பட்டது. வரலாறு, பொருளியல், வேளாண்மை, கணிதம் ஆகிய துறை நூல்கள் உருதுவில் பெயர்க்கப்பட்டன. 1866இல் சங்கத்திற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சில் உருதுவும் ஆங்கிலமும் அருகருகே அமைந்த அலிகர் இன்ஸ்டிடியூட் கெஜட் வெளிவரலாயிற்று. கருவிகளைக் கொண்டு விளக்கவுரைகள் நிகழ்ந்தன. புதிய வேளாண் முறைகளும் பயிரிட்டுச் சோதிக்கப்பட்டன.

இத்தனை சிறப்புடன் எழுந்த சங்கம் ஏன் நீடித்து வளரவில்லை? மூன்று காரணங்களை நாம் காண்கிறோம். முதலாவது, சங்கம் ஒருவரின் நிழலில் நின்றது. 1867இல் சர் ஸையித் பனாரஸுக்கு மாற்றப்பட்டபோது அவர்தம் நண்பர் ராஜா ஜெய்கிஷன் தாஸ் பொறுப்பேற்றுத் திறம்பட நடத்தினார் என்பது உண்மையே. ஆயினும் 1875இல் அலிகரில் பள்ளியும் 1877இல் கல்லூரிக்கு அடிக்கல்லும் அமைந்தபின் சர் ஸையித் அவர்களின் ஆற்றல் முழுதும் அத்திசையில் சென்றது; சங்கம் பின்தங்கியது.

இரண்டாவது, உறுப்பினர் பெரும்பாலும் நிலக்கிழார்களும் அலுவலர்களுமாக இருந்தனர். சந்தா செலுத்துவதும் கூட்டத்தில் அமர்வதுமே அவர்களுக்குரிய பணியாயின. மொழிபெயர்ப்போ ஊதியம் பெற்றோரால் நிகழ்ந்தது. தாம் இல்லாவிடினும் நடக்கும் ஒரு பணியில் மனிதன் நெடுநாள் பற்றுக் கொள்வதில்லை.

மூன்றாவது, மொழி. 1867 முதல் வடநாட்டில் மூண்ட இந்தி உருது வழக்கு சங்கத்தையும் தீண்டியது. சங்கத்தின் இதழும் நூல்களும் இந்தியில் வரவேண்டும் என இந்து உறுப்பினர் கோரத் தூண்டப்படுவதைப் பற்றி 1870இல் லண்டனிலிருந்து முஹ்ஸினுல் முல்க் அவர்களுக்கு எழுதிய மடலில் சர் ஸையித் பெருங்கவலை தெரிவித்தார். சமய விதியால் காக்கப்பட்ட ஒற்றுமை மொழியால் பிளவுற்றது.

இதே காலத்தில் கல்கத்தாவில் நிகழ்ந்ததை ஒப்பிட்டால் இரண்டாம் காரணத்தின் வலிமை விளங்கும். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். மன்னர்களும் செல்வர்களும் பொருள் வழங்கினர், விரிவுரைகள் நிகழ்ந்தன. ஆனால் ஆராய்ச்சியில் ஈடுபட ஆளில்லை. 1904இல் அவர் மனக்குறையுடனேயே மறைந்தார். 1907இல் நிதித்துறை அலுவலராக அந்நகருக்கு வந்த சி.வி. இராமன், ஏறத்தாழ வெறுமையாய்க் கிடந்த ஆய்வுக்கூடத்தில் அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் உழைக்கத் தொடங்கினார். அதன்பின் இளைஞர் திரண்டனர். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர். 1928 பிப்ரவரி 28 அன்று அறிவிக்கப்பட்ட இராமன் விளைவு அக்கூடத்திலேயே கண்டறியப்பட்டது. செல்வர்தம் கொடை கட்டடத்தைத் தந்தது. ஆட்களைத் தந்ததோ ஆய்வு மேசை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்து தமிழகத்தோடு இணைந்தது குமரி மாவட்டம். ஆதலின் இரு மொழிகளில் எழுந்த அறிவியல் இயக்கங்களும் இதற்கு அயலல்ல. 1962இல் மலையாள அறிவியல் எழுத்தாளர்களின் குழுவாகத் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், பின்னர் ஆசிரியர், தொழிலாளர், மாணவர் எனப் பலருக்கும் கதவைத் திறந்தது. நூல் விற்றல், கலைப்பயணத்தில் நடித்தல், எழுத்தறிவித்தல் என ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பணி கிடைத்தது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அவ்வழியே நடந்தது. அது 1987 முதல் சிறார்க்கெனத் துளிர் இதழை வெளியிட்டது; 1990களில் அறிவொளிப் பணியில் பங்கேற்றது; 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழகத்தில் ஒருங்கிணைத்தது. அம்மாநாட்டுக்குச் சிறார் குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டி ஆசிரியர் ஒருவரின் துணையுடன், தம் ஊர்ச் சிக்கல் ஒன்றைத் தாமே ஆய்ந்து அறிக்கை தருகின்றனர். இளையோரை நாடுக என்ற பஸரா சகோதரரின் அறிவுரை ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் திறந்த வாயிலில் செயலானதாகவே இதனை நாம் கருதுகிறோம்.

பங்கேற்பே பிணைப்பு என்பதற்குத் தக்கலையும் சான்றாகும். மெய்ஞ்ஞானி பீர் முஹம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அவர்தம் தர்காவில் மக்கள் இரவெல்லாம் கூடிப் பாடுகின்றனர். அங்கே வந்தோர் கேட்போராக மட்டும் இருப்பதில்லை. தாமே பாடுவோராகவும் இருக்கின்றனர். தலைமுறைகள் மாறியும் அந்நிகழ்வு தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். பொருள் வேறாயினும், அறிவியற் சங்கம் கற்கவேண்டிய பாடம் இதில் உண்டு.

இப்பாடம் நமக்கு இன்று ஏன் இன்றியமையாதது? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சல் முதலிய கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது ஏற்கெனவே ஆழ்கடல் சென்றிருந்த குமரி மீனவர் பலர் மீளவில்லை. வானிலையைப் பற்றிய அறிவும் அறிவிப்புகளும் கரையூர்களின் அன்றாட வாழ்வோடு கலந்திருக்க வேண்டியவை என்பதை இவ்விரு துயரங்களும் உணர்த்தின. அறிவிப்பு வெளியானால் மட்டும் போதாது. அதனைப் படித்து, பொருளுணர்ந்து, உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பிக்க ஒவ்வோர் ஊரிலும் பழகிய ஆட்கள் வேண்டும். இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. மழையளவைக் குறிக்க ஒருவர், குளத்து நீர்மட்டத்தைப் பார்க்க ஒருவர், சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளில் பறவைகளை எண்ண ஒருவர், கடலரிப்பை அளக்க ஒருவர், இவற்றை எளிய தமிழில் எழுதிப் பரப்ப ஒருவர் என ஒரு சிறு குழுவுக்கும் ஆண்டு முழுதும் பணியுண்டு. நம் ஊர்களில் அறிவியல் பட்டம் பெற்ற இளைஞருக்கும் மங்கையருக்கும் குறைவில்லை. அவர்களிடம் நாம் இதுவரை கேட்டது பெரும்பாலும் சந்தாவும் வருகையுமே.

சங்கம் அமைக்க முனைவோர், எத்தனை பேரைச் சேர்ப்பது என்று எண்ணுமுன், வருவோர் ஒவ்வொருவருக்கும் என்ன பணி தருவது என்று எண்ணுதல் வேண்டும். தலைவர் ஊர் மாறினாலும் பணி நிற்காதவாறு பொறுப்புகளைப் பகிர்ந்தளித்தல் வேண்டும். சொல்லும் செய்தி அவ்வூரார் பேசும் மொழியில் அமைதல் வேண்டும். அலிகர் சங்கம் எய்தியதும் இழந்ததும் இம்மூன்றையே நமக்கு வலியுறுத்துகின்றன. தான் வாராவிடில் அன்றைய மழைக்கணக்கு விடுபடும் என்று அறிந்த உறுப்பினர், அழைப்பிதழ் இல்லாமலே வந்து சேர்வார்.