நீண்ட முதுகின் வைத்திய வரலாறு

ஜெர்மானியக் காடுகளில் வளை தோண்டி வாழும் 'பேட்ஜர்' என்னும் முரட்டு விலங்கை அதன் வளைக்குள்ளேயே புகுந்து எதிர்க்கவல்ல நாய் ஒன்று வேண்டுமென்று, வனக்காவலரும் வேட்டைக்காரரும் பல தலைமுறைகளாகத் தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கியதன் பயனாகவே, குட்டைக் கால்களும் ஆழ்ந்த மார்பும் மிக நீண்ட முதுகும் கொண்ட டாஷ்ஹண்ட் என்னும் ஜாதி உருவாயிற்று. 1881-இல் இங்கிலாந்திலும் 1888-இல் பெர்லினிலும் அதற்கெனத் தனிச் சங்கங்கள் தோன்றின. விக்டோரியா மகாராணியின் அரண்மனையில் அது செல்லமாக உலவிற்று. 1972-இல் ம்யூனிக் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றபோது அதன் உருவமே அவ்விழாவின் சின்னமாக விளங்கிற்று. இத்தனை அன்புக்குப் பாத்திரமான அந்த ஜீவனுக்கு, அதன் உடலை நாம் அமைத்துக்கொண்ட விதத்திலேயே ஒரு பெருந்துன்பமும் சேர்ந்து வந்துவிட்டது. டாஷ்ஹண்ட் நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தன் ஆயுளில் எப்போதாவது முதுகு நோயால் வருந்துகிறது. அந்நோயை ஆற்றுவதற்கு மனிதர் செய்த பிரயத்தனங்களின் சரித்திரத்தை, நாம் பட்ட கடன் ஒன்றை மெல்ல மெல்லத் தீர்க்கும் கதையாகவே நான் படிக்கிறேன்.

நோய் வரும் விதம் பார்ப்பவர் நெஞ்சைப் பிளப்பது. முந்தைய மாலை வரையில் மாடிப்படி ஏறியிறங்கித் திரிந்த நாய், காலையில் முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கி நிற்கும். தூக்க முற்பட்டால் அலறும். சில மணி நேரத்துக்குள் பின்னங்கால்கள் துவண்டு போக, முன்னங்கால்களால் மட்டும் உடலை இழுத்துக்கொண்டு தன்னை வளர்த்தவரை நோக்கி வரும். வண்டியில் அடிபட்டதுமில்லை, உயரத்திலிருந்து விழுந்ததுமில்லை. வெளிக்காயம் ஏதுமின்றி உள்ளே முதுகு முறிந்தது போன்ற இந்நிலைக்குக் காரணம் யாதென்று அறியாமல் வைத்தியர்கள் நெடுங்காலம் திகைத்தார்கள்.

அவர்கள் திகைத்ததில் வியப்பில்லை. நாயை ஒரு நோயாளியாக மதித்துப் பார்க்கும் வழக்கமே வைத்தியசாலைகளுக்குப் புதிது. குதிரையேற்றப் பள்ளியின் தலைவராயிருந்த குளோட் பூர்ஷெலா 1762-இல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் முதல் மிருக வைத்தியக் கல்லூரியைத் திறந்தபோதும், 1791-இல் லண்டனில் அத்தகைய கல்லூரி ஏற்பட்டபோதும், சேனைக்குக் குதிரையும் உழவுக்கு மாடும் என்பதே அவற்றின் கவலையாயிருந்தது. லண்டனில் டெலாபேர் பிளேன் என்பவரும் அவருடைய கூட்டாளியான வில்லியம் யூவட்டும் நாய்களின் பிணிகளைத் தனியே கவனித்து எழுதத் துணிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். 1845-இல் வெளிவந்த யூவட்டின் நாய் நூலில் பக்கவாதமும் வாத நோயும் ஒரே அத்தியாயத்தில் வைத்துப் பேசப்படுகின்றன என்பதே, அக்காலத்தவர் இதை எந்த வகையில் சேர்த்து எண்ணினார்கள் என்பதைக் காட்டும். வெந்நீர்க் குளியல், தைலம், இடுப்பில் பற்று, பேதி மருந்து ஆகியவையே கைகண்ட சிகிச்சைகள். இவை பலிக்காதபோது பெரும்பாலும் துப்பாக்கியே முடிவாயிற்று. ஏழைகளின் நாய்களுக்கோ அந்தச் சிகிச்சைகளும் எட்டவில்லை. 1917-இல் லண்டனின் வொயிட்சாப்பல் பகுதியில், வறியவர் வளர்க்கும் பிராணிகளுக்கென மரியா டிக்கின் அம்மையார் இலவச மருந்தகம் ஒன்றைத் திறந்த பின்னரே அந்தக் கதவு சற்றுத் திறந்தது.

நோயின் இருப்பிடத்தை முதன்முதலில் நெருங்கி வந்தவர் ஹெர்மன் டெக்ஸ்லர். கால் விழுந்து இறந்த நாய்களின் முதுகெலும்பை அறுத்து ஆராய்ந்த அவர், தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு குருத்தெலும்பு போன்ற ஒரு பொருள் கிடப்பதை 1896-இல் எழுதி வெளியிட்டார். கண்டது மெய், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை அவரால் உணர முடியவில்லை, அங்கேயே முளைத்த ஒருவகை வளர்ச்சி என்று கருதினார். இதே மயக்கம் மனித வைத்தியத்திலும் இருந்தது. பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாரும் 1934-இல், கட்டியென்று கருதப்பட்டது கட்டியல்ல, முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள வட்டு பிதுங்கி வந்ததே என்று நிறுவும்வரை, மனிதனின் இடுப்புவலிக்கும் நாயின் கால் விழுவதற்கும் காரணம் ஒரே இருட்டில்தான் இருந்தது.

அந்த இருட்டை நாய்களின் பொருட்டு நீக்கியவர்கள் ஸ்வீடன் தேசத்து அறிஞர் இருவர். ஸ்டாக்ஹோம் மிருக வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்வென் எரிக் ஓல்ஸன் 1951-இலும், ஹான்ஸ் யோர்கன் ஹான்ஸன் 1952-இலும் வெளியிட்ட ஆராய்ச்சி நூல்கள் இத்துறையில் இன்றும் ஆதாரமாகக் கொள்ளப்படுகின்றன. ஹான்ஸன் கண்டறிந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: இன்று எல்லோரும் 'டிஸ்க்' என்று சொல்லும் அந்த வட்டு, வெளியே நார் வளையமும் நடுவே குழைந்த சதையுமாக அமைந்தது, இளநுங்கின் சதை முற்ற முற்றக் கல்லாவது போல, இந்த நடுச்சதை டாஷ்ஹண்ட் முதலிய குட்டைக்கால் ஜாதிகளில், மற்ற நாய்களுக்கு முதுமையிலும் நேராத ஒரு மாறுதலை ஒரு வயது நிறைவதற்குள்ளேயே அடைந்து, குருத்தெலும்பாகிப் பின் சுண்ணாம்பும் ஏறிவிடுகிறது. நெகிழ்ந்து கொடுக்கும் தன்மை போய்விட்ட வட்டு, மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் ஒருநாள், சாதாரணமாய்க் குதித்தபோது கூட, நார் வளையத்தைக் கிழித்துக்கொண்டு மேல்நோக்கி வெடித்துத் தண்டுவடத்தைத் தாக்குகிறது. மார்புப் பகுதியில் விலா எலும்புகளை இணைக்கும் நாண்கள் வட்டின் மேற்புறத்தைக் காப்பதால் அங்கே இது அரிது. விலாக்கள் முடிந்து இடுப்புத் தொடங்கும் இடமே பெரும்பாலும் முறிகிறது. பெரிய ஜாதி நாய்களுக்கு முதுமையில் மெல்லப் பிதுங்கி வருவது வேறு வகை என்றும் அவர் பிரித்தார். முதல் வகை, இரண்டாம் வகை என்று இன்றைய வைத்தியர் தினமும் சொல்லும் பாகுபாடு இதுவே.

காரணம் தெரிந்ததும் கத்தியும் துணிந்தது. வெடிக்கக் காத்திருக்கும் வட்டுகளில் சிறு வாயில் திறந்து உள்ளிருப்பதை வாங்கிவிடும் முறையை ஓல்ஸன் வகுத்தார். அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து ஆபர்ன் கல்லூரியின் ஹோர்லைன், முள்ளெலும்பின் ஒருபக்கக் கூரையை மட்டும் அகற்றித் தண்டுவடத்தின் மேலுள்ள பாரத்தை நீக்கும் சிகிச்சையை 1950-களில் செம்மைப்படுத்தினார். இதனோடு எளிய சோதனை ஒன்றும் ஸ்திரப்பட்டது. பின்னங்கால் விரலை இறுக நெருக்கும்போது நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்பதே அது. கால் தானாக இழுத்துக்கொள்வது போதாது. வலி மூளைவரை எட்டியதற்கு அடையாளம் வேண்டும். அந்த உணர்ச்சி எஞ்சியிருக்கும் நாய்கள் அறுவைக்குப்பின் பத்தில் ஒன்பது மீண்டும் நடக்கின்றன. அது அற்றுப்போனவற்றில் ஏறத்தாழப் பாதிதான் நடக்கின்றன.

ஆயினும், அறுவை வைத்தியருடைய ஒருநாள் வேலையைவிட, அதற்குப்பின் வீட்டில் நடக்கும் பல வாரச் சிசுருஷையே இந்தச் சரித்திரத்தில் மேலானது என்று நான் நினைக்கிறேன். நோய் கடுமையாகாத நாய்கள் கத்தியின்றியே தேறுவதுண்டு. அதற்கு வேண்டியது, நான்கு வாரத்துக்குக் குறையாமல் ஒரு சிறு கூண்டுக்குள்ளே அடங்கிய ஓய்வு. கிழிந்த நார் வளையம் கூடுவதற்கு அத்தனை காலம் பிடிக்கிறது. இங்கே அனுபவம் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் வந்த காலத்தில், மருந்து உண்டதும் வலி நீங்கப் பெற்ற நாய், தனக்கு நோயே இல்லையென்று துள்ளி ஓடி, பாதி ஆறிய வட்டை முழுவதும் கிழித்துக்கொண்டு நிரந்தரமாய் முடங்கியதுண்டு. ஆகவே மருந்தைக் கொடுத்துக் கூண்டைத் திறந்து வைப்பது, மருந்தே கொடாததைவிடத் தீயது. கெஞ்சும் கண்களைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறவாதிருப்பதற்கு எவ்வளவு அன்பு வேண்டுமென்பதை அதைச் செய்தவர்களே அறிவார்கள்.

கால் விழுந்த நாய்க்குச் சிறுநீர் கழிக்கும் ஆற்றலும் பல சமயம் போய்விடும். அடிவயிற்றின் இருபுறமும் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தி, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை மூத்திரப் பையை வெறுமையாக்க வேண்டும். தவறினால் தேங்கிய நீரில் கிருமி வளர்ந்து, முதுகு ஆறுவதற்குள் உயிருக்கே கேடு வரும். படுக்கைப் புண் தோன்றாதிருக்க, சில மணி நேரத்துக்கொருமுறை புரட்டிக் கிடத்த வேண்டும். தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்தொடையின் கீழுமாக முதுகு மட்டம் மாறாமல் தாங்க வேண்டும். தேறத் தொடங்கிய பின், வயிற்றின் கீழே துண்டு ஒன்றைக் கொடுத்துப் பின்னுடலைத் தாங்கி நடத்தி, கால்களை மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும். பிற்காலத்தில் நீர்த்தொட்டிக்குள் நடைப்பட்டை அமைத்து, உடற்பாரத்தை நீர் சுமக்க நாயைக் கால் வைக்கப் பழக்கும் முறையும் வந்தது. வளர்த்தவரின் குரல் கேட்டு வால் தானாக அசைந்தால், மூளையின் கட்டளை அந்தப் பாதையில் மீண்டும் செல்லத் தொடங்கியதென்று வைத்தியர் மகிழ்வர். காலூன்றி எழுவதற்கு முன்பே பல நாய்களில் அது காணப்படுகிறது.

எழாதவற்றையும் கைவிடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மிருக வைத்தியர் லிங்கன் பார்க்ஸ், பின்னுடலைத் தாங்கும் இருசக்கர வண்டியை நாய்களின் அளவுக்கேற்பச் செய்து கொடுக்கத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நெடுநாளாகக் கால் உணர்ச்சியற்றிருந்த 34 வீட்டு நாய்கள் பங்கு கொண்டன. அவற்றுள் 23 நாய்களுக்கு, அவற்றின் மூக்குச் சவ்விலிருந்தே எடுத்து வளர்த்த உயிரணுக்கள் தண்டுவடத்தில் செலுத்தப்பட்டன. ஜாஸ்பர் என்ற டாஷ்ஹண்ட் உட்படச் சில நாய்கள் முன்னங்காலுக்கு இசையப் பின்னங்காலை எடுத்து வைத்தன. அவ்வியக்கத்தை மூளை ஆளவில்லை. சிறுநீர்க் கட்டுப்பாடும் பொதுவாக மீளவில்லை. ஆனால் முற்றிலும் அறுந்ததென்று எண்ணிய இடத்தில் சிறிதளவேனும் இயக்கம் திரும்பியது.

இதற்கிடையே நோயின் மூலமும் வெளிப்பட்டது. குட்டைக் காலுக்குக் காரணமான மரபணுப் பிரதி ஒன்றை 2009-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். 2017-இல் டனிகா பன்னாஷும் அவருடன் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர்களும், அதே மரபணுவின் மற்றொரு பிரதி பன்னிரண்டாம் குரோமோசோமில் அமர்ந்து காலையும் குறுக்கி வட்டையும் முதிரச் செய்கிறது என்று நிறுவினர். வேட்டைக்காரன் விரும்பித் தேர்ந்த உருவமும் அவன் அறியாத நோயும் இப்படி ஒரே விதையில் இருந்தன. டாஷ்ஹண்ட் ஜாதியில் அந்தப் பிரதி ஏறக்குறைய எல்லா நாய்களிலும் பரவிவிட்டதால், அதை அறவே நீக்குவது இப்போதைக்கு இயலாது. ஆகவே ஹான்ஸன் அன்று அறுத்துக் கண்டதை உயிருள்ள நாயிடம் படம் பிடித்துக் காணும் வழியை நார்டிக் நாடுகளின் சங்கங்கள் கைக்கொண்டிருக்கின்றன: இரண்டு முதல் நான்கு வயதுக்குள் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பேறிய வட்டுகளை எண்ணி, மிகுதியாக உள்ளவற்றை இனப்பெருக்கத்தினின்று விலக்குகிறார்கள். சுண்ணாம்பேறுதல் பெற்றோரிடமிருந்து பெரிதும் குட்டிகளுக்கு இறங்குவதால் இதற்குப் பயனுண்டு. சென்னையில் குட்டி வாங்கச் செல்பவரும் தாய் நாயின் முதுகுப் படத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்குச் சாதாரண எக்ஸ்ரே இயந்திரமும், படத்தைப் படிக்கத் தெரிந்த வைத்தியர் ஒருவரும் போதும்.