அழித்த தட்டும் எரிந்த ஏடும்

நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கணனி போன மாதம் செத்துப்போனது. முதலாளி புதிதாக ஒன்று வாங்கிவிட்டுப் பழசைக் குப்பையில் போடச் சொன்னார். கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த 320 ஜிகாபைட் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) நல்லாய்த்தான் இருந்தது. கேட்டேன், கொண்டுபோ என்றார். ஊர்ப் படங்கள், ஸ்கான் பண்ணிய அம்மாவின் கடிதங்கள் என்று எனக்கும் சேமிக்க இடம் தேவைப்பட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபார்மட் செய்தேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அங்கேதான் சந்தேகம் வந்தது. இவ்வளவு பெரிய தட்டை ஒரு நிமிடத்தில் எப்படி அழிக்கலாம்? ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஓடவிட்டேன். சம்பளக் கணக்கு வந்தது, யாரோ பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் வந்தன, கடைசியில் எங்களோடு முந்தி வேலை செய்த ஒரு பெடியனின் கடவுச்சீட்டுப் பிரதியும் வந்தது. அந்தப் பெடியன் வேலையை விட்டுப்போய் ஆறு வருடம்.

விசயம் இதுதான். நாங்கள் டிலீட் அமத்தும்போது கணனி கோப்பைத் தொடுவதில்லை. பட்டியலில் "இந்த இடம் காலி" என்று ஒரு குறி போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். நூலகத்தில் அட்டவணை அட்டையைக் கிழித்துவிட்டு புத்தகத்தை அலுமாரியிலேயே விட்ட மாதிரி. அந்த இடத்தில் வேறு புத்தகம் வந்து உட்காரும் வரை பழசு அங்கேயே கிடக்கும். அவசர ஃபார்மட் செய்தால் பட்டியல்தான் புதுசு.

எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரண்டு பேர் 2000க்கும் 2002க்கும் இடையில் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கினார்கள். 129 வேலை செய்தன. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கடனட்டை இலக்கங்கள் அகப்பட்டன. ஒரு தட்டு வங்கியின் காசு எடுக்கும் இயந்திரத்தில் இருந்து வந்தது. 2003இல் அவர்கள் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு வேறொரு கணனி ஞாபகம் வந்தது. அமெரிக்கா வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்கான வாக்குமூலத்தை ஒரு தெரிந்தவரின் கடைக் கணனியில் இருந்துதான் தட்டச்சு செய்தேன். யார் என்னைப் பிடித்தது, எந்த வீட்டில் ஒளித்திருந்தேன், அந்த வீட்டுக்காரரின் பெயர், ஊர் எல்லாம் அதில் இருந்தது. அச்செடுத்த பிறகு டிலீட் அமத்தினேன். குப்பைக்கூடையையும் காலி செய்தேன். வலு கவனமான ஆள் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அந்தக் கடை பூட்டிப் பல வருடம். அந்த வன்தட்டு எந்தச் சந்தையில், யாருடைய கையில்?

இந்தச் சாமான் பிறந்த இடம் நான் இருக்கும் பக்கம்தான். சான் ஹோசே நகரில், 99 நோத்ர டாம் அவெனியூ என்ற விலாசத்தில், ஐ.பி.எம். 1952இல் ஒரு ஆய்வுகூடம் திறந்தது. தலைவர் ரேனால்ட் ஜான்சன், முன்னர் பள்ளிக்கூட வாத்தியார். 1956இல் அவர்கள் வெளியிட்ட ராமக் என்ற கணனியில்தான் முதல் வன்தட்டு இருந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், நிறை ஒரு தொன்னுக்கு மேல். கொள்ளளவோ 5 மில்லியன் எழுத்துக்கள். கணனிக்கு மாத வாடகை 3,200 டொலர். மவுண்டன் வியூவில் உள்ள கணனி வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒன்றைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். தட்டின் மேல் பூசிய இரும்பு ஒக்சைட் மையைப் பெண்களின் மெல்லிய காலுறைத் துணியில் வடித்து, கடதாசிக் கோப்பையால் சுழலும் தட்டின் நடுவில் ஊற்றினார்களாம். அது தானாக ஓரத்துக்குப் பரவும். தோசைக்கல்லைச் சுற்றிவிட்டு மாவு ஊற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கோ :-)

ஆக, அது இரும்புத் துருவில் எழுதிய எழுத்து. இரும்பில் எழுதியது லேசில் போகாது என்பதற்கு இன்னொரு கதையும் இந்தப் பக்கத்திலேயே நடந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீசின் நூல்களைத் தோலில் பிரதி எடுத்திருந்தார்கள். 1229இல் ஒருவர் அந்த எழுத்தைச் சுரண்டிக் கழுவி, தாள்களைத் திருப்பி மடித்து, மேலே பிரார்த்தனைகளை எழுதினார். தோல் விலை கூடியது, பழசைத் திரும்பப் பாவித்தார்கள். நாங்களும் அதைத்தானே செய்கிறோம். 1998இல் அந்தப் புத்தகம் 2 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. பிறகு 2005இல் அதன் சில தாள்களை ஸ்டான்ஃபோர்டின் ஸ்லாக் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து எக்ஸ்ரே கதிர் அடித்தபோது, பழைய மையில் இருந்த இரும்பு ஒளிர்ந்தது. கிட்டத்தட்ட 800 வருடத்துக்கு முன் அழித்த வரிகளை வாசித்தார்கள்.

எங்கட ஓலையில் இந்த வித்தை நடக்காது. எழுத்தாணி கீறின எழுத்தைச் சுரண்ட ஏலாது. பழைய ஏடு உளுத்தால் புது ஏட்டில் பிரதி பண்ணுவதுதான் வழி. பிரதி இல்லாதது போனால் போனதுதான். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தை எரித்தபோது நான் கைக்குழந்தை. 97,000 புத்தகங்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின என்பார்கள். எந்த எக்ஸ்ரேயும் சாம்பலில் இருந்து அதை எடுத்துத் தராது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்து ஆட்கள் ஈழத்து நூல்களை ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் செய்து இணையத்தில் போட்டுவருவதும் அந்தப் பழைய பிரதி பண்ணும் வேலைதான்.

மறக்க வேண்டியது மறைய மாட்டேன் என்கிறது, இருக்க வேண்டியது ஒரே இரவில் போகிறது. எனக்கு இது இன்னும் சமாதானமாகவில்லை.

சரி, வன்தட்டுக்கு வருவோம். 1996இல் பீட்டர் குட்மன் என்பவர் 35 தரம் மேலெழுத வேண்டும் என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு சனம் இன்னும் பயப்படுகிறது. அது அந்தக் காலத்துத் தட்டுகளுக்கு. இப்போதைய சுழலும் தட்டுக்கு முழுவதும் ஒருதரம் மேலெழுதினால் போதும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2006இல் சொல்லிவிட்டது. எஸ்.எஸ்.டி. வகைக்கு இது பொருந்தாது, அது எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். அதற்கென்று உள்ள அழிப்புக் கட்டளையைப் பாவிக்க வேண்டும்.

வேலைக்குப் போகமுன் பூச்சியம் எழுத விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வர முடிந்திருந்தது. ஃபோட்டோரெக்கை மறுபடி ஓடவிட்டேன், ஒரு படம்கூட வரவில்லை. தட்டில் பழுதான பகுதிகள் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு அம்மாவின் கடிதங்களை ஏற்றினேன். பழைய தட்டை நம்பி ஒரே பிரதி வைக்கக்கூடாது என்பதால் இன்னொன்று ரொறன்ரோவில் அக்கா வீட்டில் இருக்கிறது. அக்காவின் கணனியும் பழசு. மாற்றும்போது எனக்குச் சொல்லாமல் ஒருத்தருக்கும் குடுக்கவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.