டிராக்டருக்கு ஹீட்டர் எதுக்கு?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் டிராக்டர் ஓட்டுறவர்கிட்ட ஹீட்டர் பத்திக் கேட்டா சிரிப்பார். மார்கழிப் பனிக்குத் தலையில் ஒரு துண்டு போதும். ஆனா டிராக்டர் கேபினின் கதையே குளிரிலிருந்துதான் வருது.

1938இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ்-மோலின் நிறுவனம் கண்ணாடிக் கேபினும் ஹீட்டரும் வெச்சு யூடிஎல்எக்ஸ் என்ற டிராக்டரைக் கொண்டுவந்தது. விலை அதிகம்; சுமார் 150 வண்டிகளோடு நின்றுபோனது. குளிர் நாடுகளில் இப்போ தனி டீசல் ஹீட்டரே பொருத்துறாங்க. அது கொஞ்சம் டீசலைத் தனி அறையில் எரித்து, எஞ்சின் ஓடாதபோதும் கேபினைச் சூடாக்கும். புகை குழாய் வழியா வெளியே போயிடும்.

1959இல் ஸ்வீடன் வேறொன்றைக் கட்டாயமாக்கியது. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காதபடி, புது டிராக்டர்களுக்கு உறுதியான இரும்புக் கூண்டு.

அடுத்த வருஷம் சென்னையில் டாஃபே தொடங்கியது. நம்ம வயலுக்கு வந்தவை பெரும்பாலும் திறந்த வண்டிகள். குளிர் இல்லை, கேபின் வேண்டாம், நியாயம்தான். ஆனா சேற்றில் பின்சக்கரம் சிக்கினா, முன்பக்கம் தூக்கி வண்டி மல்லாந்துடும். வெயிலுக்குப் போடுற கூரை நிழல்தான் தரும். ஹீட்டர் நமக்கு வேண்டாம். அந்தக் கூண்டும் சீட் பெல்ட்டும் வேணும்.