இரும்புத் தகட்டில் சிக்கிய நியூட்ரான்

நம் பழைய மாணவர்களில் பலர் ஆவடி டாங்கி தொழிற்சாலையிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் இரும்போடு மல்லுக்கட்டிப் பிழைத்தவர்கள். இரும்புத் தகடுகளை வைத்து ஊட்டியில் நியூட்ரானைத் தேடிய கதையை, பிசிக்ஸ் படித்தவன் என்ற உரிமையில் அவர்களுக்குச் சொல்கிறேன்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று காற்றில் மோதினால், ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி மழைபோல் இறங்கும். 'ஷவர்' என்றே அதற்குப் பெயர். அந்த மழையில் நியூட்ரான் எத்தனை? மின்னூட்டமுள்ள துகள் தடம் விட்டுப் போகும். நியூட்ரான் திருடன் மாதிரி, சத்தமே இருக்காது. கனமான பொருளில் முட்டினால்தான் குட்டு வெளிப்படும்.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2200 மீட்டர் உயரத்தில், ஊட்டியில், 2 x 1.5 x 1 மீட்டர் அளவில் ஒரு கிளவுட் சேம்பர் வைத்திருந்தார்கள். ஆவி நிறைந்த பெட்டி. மின்னூட்டத் துகள் போன வழியில் சிறு துளிகள் கோடாக நிற்கும். உள்ளே 21 இரும்புத் தகடுகள். மேலே கோடே இல்லாமல், நடுத் தகட்டிலிருந்து திடீரென்று துகள்கொத்து கிளம்பினால், வந்தவர் மின்னூட்டமில்லாத ஆசாமி, பெரும்பாலும் நியூட்ரான். தடத்தோடு வந்தவை எத்தனை, தடமில்லாமல் வந்தவை எத்தனை என்று போட்டோ போட்டோவாகக் கண்ணால் பார்த்து எண்ணினார்கள். அந்தப் பொறுமை நமக்கு வருமா!

இன்னொரு வழி, நேரம் பார்ப்பது. ஷவரின் முன்வரிசை கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் இறங்கும். ஆற்றல் குறைந்த புரோட்டானும் நியூட்ரானும் கனத்தால் பின்தங்கி, பத்துக்கணக்கான நானோ விநாடி தாமதமாக வரும். (ஒரு நானோ விநாடியில் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் போகும்!) 1970-களின் தொடக்கத்தில் பி.வி. ஸ்ரீகண்டன், எஸ். நாரணன், எஸ்.சி. டோன்வர் இந்த லேட்டு ஆசாமிகளை அளந்தார்கள். அன்றைய முடுக்கிகளின் கணக்குப்படி வரவேண்டியதைவிட அதிகமாகவே வந்தன. ஆற்றல் ஏற ஏற நியூக்ளியானும் அதன் எதிர்த்துகளும் ஜோடியாகப் பிறப்பது கூடுகிறது என்றால்தான் கணக்கு நேரானது. 1971-ல் ஜெனீவாவில் ஓடத் தொடங்கிய ஐ.எஸ்.ஆர். முடுக்கியிலும் பிறகு அதே போக்குதான் தெரிந்தது.

நான் படித்த பாடப்புத்தகம் எதிலும் ஊட்டி வந்ததில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஊட்டியில் இன்றும் கிரேப்ஸ்-3 ஆய்வு நடக்கிறது. கான்கிரீட் அடுக்குகளுக்கு அடியில் 3712 எண்ணிக்குழாய்கள் ஷவரின் மியூவான்களை எண்ணுகின்றன. மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி நம்ம ஆவடியைத் தாண்டித்தான் போகிறது.