மண்ணுக்கும் மூலதனத்துக்கும் நடுவில்

‘டிராபிகல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’, 1881இல் கொழும்பில் பெர்குசன் குடும்பம் தொடங்கிய இதழ். இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்த நேரம். வாசகர்கள் தோட்டத் துரைமார். பிறகு, 1904இல் உருவான இலங்கை விவசாயச் சங்கத்தின் ஏடாக அது மாறியபோது, பேராதனைத் தாவரவியல் தோட்ட இயக்குநர் ஜே. சி. வில்லிஸ் அதன் ஆசிரியரானார். ஆய்வகமும் இதழுக்குள் வந்தது. ஒரு விஞ்ஞானி பத்திரிகையைத் தாங்கிப் பிடித்ததைச் சும்மா தள்ளிவிட முடியாது.

எனக்கு உறுத்துவது வேறு. வில்லிஸின் 1909ஆம் ஆண்டு நூல் விவசாயத்தின் முன்தேவைகளை அடுக்குகிறது: மண், தட்பவெப்பம், மக்கள்தொகையும் உழைப்பும், போக்குவரத்து, மூலதனம். கண்டிச் சீமைக்கு மலையேறிப்போன நம்ம சனங்கள் அந்தப் பட்டியலில்தான் கிடக்கிறார்கள். கொழுந்து பறித்தவளுக்கும் செடியைத் தெரியும். ஆனா, அங்கே அவள் அறிபவள் அல்ல, இடுபொருள். பழைய தொகுதிகளை இங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்கணும்.