எந்தக் கம்பெனிக்கு?

ராயக்கோட்டை மலை தெரியும்படி, ஒரு தக்காளித் தோட்டத்தின் வரப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் பலகை, அதன்மேல் டேப் ஒட்டிய 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள், பக்கத்தில் இரண்டு டப்பா தண்ணீர். வானத்துக்கு வாஷ் போட்டுவிட்டு அது காயக் காத்திருந்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஆயா ஒருவர் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"ஏங்கண்ணு, எந்தக் கம்பெனிக்கு அளக்கற?"

"அளக்கல ஆயா. சும்மா படம் வரையறேன்."

"போன மாசம் வந்தவனும் சும்மாதான்னு சொன்னான்" என்றவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

தோட்டத்து மூலையில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல் புதிதாக நட்டிருந்தது. அதன்மேல் சிவப்பில் ஒரு எண். நான் பார்க்காமல் இல்லை. படத்துக்கு உறுத்தலாக இருக்கும் என்று விட்டுவிட்டிருந்தேன்.

வாரத்தில் ஐந்து நாள் பெங்களூருவில் கோட் எழுதுகிறேன். நீர்வண்ணம் கற்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. என் தொழில் பழக்கத்துக்கு நேர் எதிரான வேலை இது. அன்டூ கிடையாது. ஈரம் காய்வதற்குள் தூரிகையை இன்னொரு தடவை வைத்தால் காலிஃப்ளவர் மாதிரி கறை பூக்கும். வெளிறிய நிறங்களை முதலில் போட வேண்டும், அடர்ந்தவற்றைக் கடைசியில். எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது வெள்ளை. மரபான முறையில் வெள்ளை நிறத்தைப் பூசுவதில்லை. எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே தாளைத் தொடாமல் விடவேண்டும். அதை முதல் வாஷுக்கு முன்னாலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

நிலக்காட்சிக்கு ஒரு சூத்திரமும் சொல்லித் தந்தார்கள். முன்னால் ஓரத்தில் அடர்ந்த மரம், நடுவில் வெளிச்சமான நிலம், பின்னால் வெளிறிய நீல மலை, அளவு தெரிய இரண்டு குட்டி மனிதர்கள். தூரத்து மலை வெளிறித் தெரிவது காற்றின் வேலை, அது சரி. ஆனால் மற்றதெல்லாம்? அந்த ஆயாவின் கேள்விக்குப் பிறகுதான் இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்த பதில் எனக்கு அவ்வளவு வசதியாக இல்லை.

1745-ல் ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு கிளர்ச்சி எழுந்தது. அடுத்த வருடம் கலோடன் போரில் பிரிட்டிஷ் படை அதை நசுக்கியது. அந்த மலைகளுக்கு ஒழுங்கான வரைபடம் இல்லை என்பது படைக்குப் புரிந்திருந்தது. 1747-ல் ராணுவ நில அளவை தொடங்கியது. அதில் வரைவாளராகச் சேர்ந்தவர் பால் சாண்ட்பி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பிற்காலத்தில் ஆங்கில நீர்வண்ணத்தின் தந்தை என்று அழைக்கப்பட்டவர் இவர்தான். மலையை, ஆற்று வளைவை, சாலையைப் பார்த்து வரைய அவர் கை பழகியது தோற்ற நாட்டை அளக்கும் வேலையில்.

1768-ல் வுலிச் ராணுவக் கழகத்தின் தலைமை ஓவிய ஆசிரியரானார். ஏறத்தாழ முப்பது வருடம் அங்கே பீரங்கிப்படை, பொறியியல்படை மாணவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். புகைப்படம் வர இன்னும் எழுபது வருடம் இருந்தது. எதிரிக் கோட்டை எந்தப் பக்கம் செங்குத்து, எங்கே ஏறலாம், தண்ணீர் எங்கே என்பதைப் பார்த்தவன் கையால்தான் காட்ட வேண்டும். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும். நீர்வண்ணம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் வண்ணத்தைச் சின்னச் சின்ன கேக்குகளாகச் செய்து, அதற்காக 1781-ல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸின் வெள்ளிப் பரிசைப் பெற்றார்கள். இனி ஒரு பெட்டி, ஒரு தூரிகை, கொஞ்சம் தண்ணீர் போதும். அதிகாரியின் மூட்டையில் அடங்கிவிடும்.

அந்த மூட்டை நம் பக்கமும் வந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், ராயக்கோட்டை திப்புவின் கையிலிருந்து கம்பெனிப் படையிடம் போனது. கார்ன்வாலிஸின் படையோடு ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் வந்திருந்தார். மைசூர் நாட்டுக் காட்சிகளை 1794-ல் புத்தகமாக வெளியிட்டார். அதே போரில் வரைந்த ராபர்ட் கோல்புரூக் ஒரு ராணுவ அதிகாரி. பிறகு வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனார். தூரிகையும் அளவுச் சங்கிலியும் ஒரே கையில் இருந்த காலம்.

1792 மார்ச்சில் உடன்படிக்கை கையெழுத்தாகி பாராமகால் முழுக்கக் கம்பெனிக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி அது. அதே மாதக் கடைசியில் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் சென்னையில் வந்து இறங்கினார்கள். போர் நடந்த பாதை வழியாகவே பயணம் செய்தார்கள். கேமரா அப்ஸ்க்யூராவை வைத்துக் கோடு பிடித்து, நீர்வண்ணத்தால் நிரப்பினார்கள். 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 'ஓரியண்டல் சீனரி' படங்களில் ராயக்கோட்டையும் ஒன்று. இதே காலத்தில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலின் வயல்களை அளந்து வரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எந்தக் கம்பெனிக்கு அளக்கிறாய் என்று கேட்டவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கேள்வி ரொம்பச் சரியான இடத்தில் விழுந்திருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டேனியல்களை ஒற்றர்கள் என்று சொன்னால் அது அநியாயம். படம் விற்றுப் பிழைக்க வந்தவர்கள். பயணம் முடிந்ததும் சென்னையில் குலுக்கல் வைத்துத் தங்கள் ஓவியங்களை விற்றார்கள். நீர்வண்ணமும் படை முகாமிலேயே நின்றுவிடவில்லை. 1775-ல் பிறந்த டர்னரும் கர்ட்டினும் இடங்களை உள்ளபடி பதிவுசெய்யும் தொழிலில்தான் கை பழகினார்கள். பிறகு மூடுபனியையும் மாலை வெளிச்சத்தையும் வரையப் போனார்கள். அவற்றால் எந்தத் தளபதிக்கும் பயன் கிடையாது. 1804-ல் நீர்வண்ண ஓவியர்கள் லண்டனில் தனிச் சங்கமே தொடங்கினார்கள். ஒரு கருவி எங்கே பிறந்தது என்பதற்காக அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இன்டர்நெட்டே ராணுவப் பணத்தில் பிறந்ததுதான், அதில்தான் நானும் சோறு தின்கிறேன்.

ஆனால் ஒரு பழக்கம் அந்தக் காலத்திலிருந்து அப்படியே என் கைக்கு வந்திருந்தது: எதை விடுவது என்ற பழக்கம். சாண்ட்பி காலத்தவர்கள் காட்சியை அழகாக்க மரத்தை நகர்த்தினார்கள், உறுத்துவதை நீக்கினார்கள். நான் கல்லை நீக்கினேன். கல்லை நட்டவர்களுக்கும் அந்த நிலத்தில் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் உறுத்தல்தான் போல.

அடுத்த மாதம் திரும்பப் போனேன். ஆயா அதே வரப்பில் இருந்தார். பழைய படத்தைக் காட்டினேன். கையில் வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"மல நல்லாருக்கு. இது எங்க தோட்டமா?"

"ஆமா ஆயா."

"கல்ல காணோமே?"

"நல்லா இருக்காதுன்னு போடல."

"நல்லா இல்லதான்" என்றார். "ராத்திரி தூக்கம் வரல. மகன் கையெழுத்துப் போடலாங்கறான். நான் இன்னும் போடல. இருக்கறத இருக்கறபடி போடு கண்ணு. நாளைக்கு யாராச்சும் பாத்தா தெரியட்டும்."

படத்தை வாங்கிப் பார்த்தேன். கல் இருக்க வேண்டிய இடத்தில் தக்காளிச் செடியின் பச்சையை மூன்று அடுக்கு போட்டிருந்தேன். அங்கே இனி வெள்ளையைக் கொண்டுவர முடியாது. வேண்டுமானால் ஒயிட்டை எடுத்து மேலே அப்பலாம். அது ஒட்டவைத்தது மாதிரிதான் இருக்கும்.

புதுத் தாள் ஒன்றைப் பலகையில் ஒட்டினேன். மலையின் கோட்டை இழுப்பதற்கு முன்னால், கீழே இடது மூலையில் பென்சிலால் ஒரு சின்னச் செவ்வகம் போட்டேன். அதைத் தொடாமல் சுற்றி வாஷை இறக்குவதற்குள் மூன்று முறை கை நடுங்கியது. ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, மலையில் ஒவ்வொரு பாறைக்கும் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்.