ஆவூர் ஆலயமும் அறத்தின் அளவுகோலும்

"நேர்மையும் நீதியும் சமயம் தந்த செல்வங்கள், சமயம் சாய்ந்தால் அவையும் சாயும்" என்று மேடைதோறும் முழங்குவோர் உண்டு. "சமயம் எதுவாயினும் மயக்க மருந்தே, அதனால் எந்நாளும் எந்த நன்மையும் விளைந்ததில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நண்பர்களும் நம்மிடையே உண்டு. இரு சாராருக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. வாதத்தைச் சற்று நிறுத்திவிட்டு வரலாற்றைப் புரட்டுவோம். ஏடு என்ன சொன்னது என்பதை மட்டுமல்ல, ஏடு தாங்கியவர் என்ன செய்தார் என்பதையும் பார்ப்போம்.

அந்த ஆராய்ச்சிக்கு உரோமாபுரி வரை போகவேண்டியதில்லை. திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்தின் வட பகுதியில் ஆவூர் என்றோர் ஊர் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொண்டைமான்கள் தலையெடுத்துவந்த காலத்தில், ஏசு சபையைச் சேர்ந்த புஷே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே ஆலயம் எழுப்பினார். பின்னாளில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் பணி செய்த களம் அது. மதுரைத் திருப்பணி என்று அவர்கள் அழைத்த பெருமுயற்சியின் பெரிய நிலையங்களில் ஒன்றாக அவ்வூர் விளங்கிற்று.

புஷே கூர்ந்த பார்வையினர். நம் நாட்டில் நீதி எவ்வாறு வழங்கப்படுகிறது என்று பாரிசு நகர நீதிமன்றத் தலைவர் ஒருவருக்கு 1714ஆம் ஆண்டு புதுச்சேரியிலிருந்து நீண்ட மடல் எழுதினார். வழக்குத் தீர்க்க இம்மக்கள் சட்டப் புத்தகம் எதையும் புரட்டுவதில்லை. வழிவழி வந்த வழக்கமே இவர்களுக்குச் சட்டம். ஊர்த்தலைவனே நடுவன் என்பது அம்மடலின் சாரம். மநுவே அன்றும் இன்றும் என்றும் நம்மை ஆண்டான் என்று மார்தட்டும் வைதீகர்கள் இதைக் கவனிக்கட்டும். ஆனால் நாமும் உடனே மகிழ்ந்துவிட முடியாது. ஏட்டில் எழுதாத வழக்கம் எவருடைய வழக்கம்? ஊர்த்தலைவன் எந்தத் தெருவில் பிறந்தவன்? சேரியில் பிறந்தவன் அந்த மன்றத்தில் எட்ட நின்று கைகட்டிக் கேட்டானேயன்றி, கிட்ட அமர்ந்து தீர்ப்புச் சொன்னானா? மநு ஏட்டில் எழுதியதை வழக்கம் நெஞ்சில் எழுதியிருந்தது. வேறுபாடு அவ்வளவே.

அத்தகைய நாட்டில், மாந்தர் யாவரும் ஒரே தந்தையின் மக்கள், உன்னைப்போல் பிறரையும் நேசி என்ற போதனையோடு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஓரிடத்தில் உறுதியாக நின்றார்கள். மற்றோரிடத்தில் வளைந்து கொடுத்தார்கள். அந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

உறுதியாக நின்ற இடம் ஓரியூர். இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ளது. அருளானந்தர் என்று தமிழர் அழைத்த ஜான் டி பிரிட்டோ, மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவரைக் கிறித்தவராக்கினார். ஒருவனுக்கு ஒருத்தியே என்பது திருச்சபையின் விதி. தடியத்தேவருக்கோ மனைவியர் பலர். முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை அவர் விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அரண்மனை சீறிற்று. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் பிரிட்டோவின் தலை ஓரியூரில் துண்டிக்கப்பட்டது. தம் விதியைத் தளர்த்தி உயிர் காக்க அவர் முனையவில்லை. அவருடைய சமயத்தை ஏற்காத நாமும் அந்த உறுதியை மதிக்கிறோம். விலக்கப்பட்ட அந்தப் பெண்களுக்கு வாழ்வு என்ன, வழி என்ன என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லையே என்று வருந்தவும் செய்கிறோம்.

வளைந்து கொடுத்த இடம் சேரி. 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த நொபிலி, காவியுடுத்து, பூணூல் அணிந்து, பார்ப்பனச் சந்நியாசி போல வாழ்ந்தார். பின்னர், மற்றச் சாதியாரிடையே பழகப் பண்டாரசாமிகள் என்றோர் இனம் பாதிரிமாருள் தோன்றியது. போதகரே இரு வகையானபின், போதனை எப்படி ஒரு வகையாகும்? சேரியிலே கிறித்தவன் ஒருவன் சாகக் கிடந்தால், பாதிரியார் அவன் குடிசைக்குள் நுழையமாட்டார். நோயாளியை வெளியே தூக்கிவர வேண்டும். அங்கேதான் இறுதிச் சடங்கு. உள்ளே நுழைந்தால் உயர்சாதிக் கிறித்தவர் தம்மைத் தீண்டமாட்டார் என்பது அவர்கள் சொன்ன காரணம். தொழுநோயாளியைத் தொட்டவர் என்று எவரைப் போற்றினார்களோ, அவர் பெயரால் இது நடந்தது!

இந்தச் செய்தி உரோமாபுரிக்கு எட்டிற்று. போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்நோன், 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர் வீடுகளுக்குப் பாதிரிமார் நேரே செல்லவேண்டும். குழந்தை மணம் கூடாது. மாதவிலக்கைக் காட்டிப் பெண்களை ஆலயத்துக்கு வெளியே நிறுத்தக் கூடாது. கிறித்தவ இசைவாணர் கோயில் விழாக்களில் வாசிக்கக் கூடாது. அவருடைய நோக்கம் சமூகச் சீர்திருத்தமன்று, சமயத் தூய்மையே. எனினும் அந்த ஆணையின் சில வரிகளைப் படிக்கும்போது நம் மாநாட்டுத் தீர்மானங்களே நினைவுக்கு வருகின்றன.

அந்த ஆணையை வரவேற்றார்களா? இல்லை. அதைத் தளர்த்தும்படி வாதாட இங்கிருந்து இரு பாதிரிமார் உரோமாபுரிக்குக் கப்பலேறினர். ஒருவர் லைனஸ். மற்றவர் யார்? ஆவூரில் ஆலயம் எழுப்பிய அதே புஷே! வழக்கமே சட்டமாக வாழும் நாடு இது என்று பாரிசுக்கு எழுதியவர், அந்த வழக்கத்துக்காகவே வாதாடப் போனார். சண்டை 40 ஆண்டுகள் நீடித்தது. 1744ஆம் ஆண்டு போப்பு பதினான்காம் பெனடிக்டு, ஆணையை உறுதி செய்தார். பறையர் வீடுகளுக்குப் பாதிரிமார் போயே ஆகவேண்டும் என்றானபோது ஏசு சபையார் கண்ட வழி என்ன? பறையர்களுக்கென்றே தனிப் பாதிரிமாரை ஒதுக்கிவைத்தார்கள். போப்பும் இசைந்தார். சட்டம் வென்றது, சாதியும் வென்றது!

அரண்மனை அந்தப்புரத்தை எதிர்த்து உயிர் கொடுக்கத் துணிந்த ஒரு திருப்பணி, அக்ரகாரத்தையும் ஊர்த்தெருவையும் எதிர்த்து ஒரு குடிசைக்குள் நுழையத் துணியவில்லை. கொலைவாளைவிடச் சாதி கூரியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

கத்தோலிக்கரின் கதை இது என்றால், புராட்டஸ்டண்டுகளின் கதை என்ன? புதுக்கோட்டைக்கு அண்டையிலுள்ள தஞ்சையில் வாழ்ந்தவர் சுவார்ட்சு ஐயர். பிறந்தது 1726, மறைந்தது 1798. 1779ஆம் ஆண்டு கம்பெனியாரின் தூதராக ஐதர் அலியிடம் சென்றார். கம்பெனியாரின் பேச்சை நம்பாத ஐதர், இந்தப் பாதிரியின் பேச்சை நம்பினான். ஐதர் வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தையும் அவர் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. போரும் பஞ்சமும் தஞ்சைக் கோட்டையை வாட்டியபோது, வெளியே நெல் இருந்தது. உள்ளே பட்டினி இருந்தது. முன்பு ஏமாற்றப்பட்ட உழவர்கள் மாடு தர மறுத்தனர். "உங்களுக்குரிய பணத்துக்கு நான் பொறுப்பு" என்று சுவார்ட்சு உறுதி கூறிய பின்னரே மாடுகள் வந்தன, நெல் வந்தது, பணமும் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது. அரசனும் கம்பெனியும் இழந்துவிட்ட நம்பிக்கையை ஒரு தனிமனிதர் தம் வாய்மையால் ஈட்டினார். போதனையை வாழ்க்கையாக்கினால் நேர்மை விளையும் என்பதற்கு அவர் சான்று. அதை மறைப்பது பகுத்தறிவாகாது.

ஆனால், அவர் வளர்த்த தஞ்சைச் சபையில் வேளாளருக்கு ஒரு பக்கம், பறையருக்கு ஒரு பக்கம். 1833ஆம் ஆண்டு பேராயர் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பான ஆணை விடுத்தார். தஞ்சையிலும் திருச்சியிலும் சென்னை வேப்பேரியிலும் எதிர்ப்புக் கிளம்பிற்று. சாதி வேற்றுமையை நீக்க முனைந்த பாதிரிமாரை எதிர்த்து எழுதியவருள் ஒருவர் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்சு கைப்பிடித்து வளர்த்த மாணாக்கர்! மனம் கசந்த பலருக்குப் பின்னர்ப் புகலிடமானது லைப்சிக்கு லுத்தரன் சங்கம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுக்கோட்டையிலும் பணியாற்றிய சங்கம் அது. அதன் தலைவர் கிரௌல், குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த பெரும் புலவர். பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் என்ற நூலை மொழிபெயர்த்த அவரே, சாதி சமயத்தைச் சாராத சமூக வழக்கம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கருதினார்.

பழங்கதை என்று தள்ளிவிடலாமா? நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்துநின்ற சுவர் 1910ஆம் ஆண்டுதான் இடிந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஆலயத்திலும் இறுதி ஊர்வலத்திலும் சம உரிமை கேட்ட தாழ்த்தப்பட்ட கிறித்தவருக்கும் சாதிக் கிறித்தவருக்கும் 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இறையூர் என்றோர் ஊர் உண்டு. அதையடுத்த வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. செய்தவர் யார் என்பதை வழக்குமன்றம் சொல்லட்டும். விசாரிக்கச் சென்ற ஆட்சியர் கண்டது வேறொன்று: தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை, அய்யனார் கோயிலில் நுழையத் தடை. அவர் அம்மக்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் சென்றார். ஒரு ஊரில் சிலுவை, மற்றோர் ஊரில் அய்யனார். இரண்டின் வாசலிலும் காவல் நின்றது சாதி.

கிறித்தவம் புகுந்தவனுக்குச் சாதி இல்லை என்று காரணம் காட்டும் அரசும் இதில் குற்றமற்றதன்று. 1950ஆம் ஆண்டின் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டுமே தந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறித்தவனான தாழ்த்தப்பட்டவனுக்கோ ஆலயத்தில் சாதி உண்டு. அரசாங்க ஏட்டில் சாதி இல்லை!

ஆகவே நாம் கண்ட முடிவு இது. போதனை தானாக நீதியைப் பெறுவதில்லை. அதைச் சொன்னவன் எந்த இடத்தில் வளைந்தான், எந்த இடத்தில் நிமிர்ந்தான் என்பதே அதன் விளைவைத் தீர்மானிக்கிறது. இந்த அளவுகோல் பாதிரிமாருக்கு மட்டுமன்று, நமக்கும் உரியது. சாதி ஒழிக என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுத் திருமணத்தில் சாதி பார்க்கும் பகுத்தறிவாளன், குடிசைக்கு வெளியே நின்று சடங்கு செய்த பாதிரியாரை இகழ எந்த உரிமையும் இல்லாதவன்.

குடிசையின் கதவு தாழ்வானது. உள்ளே நுழைய வேண்டுமானால் தலை குனியத்தான் வேண்டும். அங்கே குனியும் தலையே அறத்தின் முன் நிமிர்ந்த தலை. தோழர்களே, நாம் நுழைந்துவிட்டோமா?